அசையாமல் நின்றவர்கள்

இருந்தவர்கள், இடமிருந்து வலமாக: கோவிந்தசாமி, மூத்த மகன். அவர் மனைவி மங்களத்தம்மாள். இரண்டாவது மகன் இரத்தினவேலு. மூன்றாவது மகன் தாயுமானவன். மகள் தில்லைநாயகி. மருமகன் முருகையா. நடுவே, நாற்காலியில், தாயார்.

ஆறு பேருக்குப் பெயர் இருந்தது. ஏழாவது ஆளுக்கு உறவுமுறை மட்டும். நூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு ஸ்டூடியோக்காரன் காகித உறையில் எழுதி வைத்ததை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டு, பாலகிருஷ்ணன் அந்தக் கண்ணாடித் தகட்டை வெளிச்சப் பெட்டியின்மேல் வைத்தான். அதில் ஏதோ சரியில்லை. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

அலுவலகம் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே அப்பம் சுடும் வாசனையும் லாரிக்காரர்களின் சத்தமும் மதியம் முழுக்க ஓயாது. மேலே இந்த அறைக்குள் அவை எதுவும் வராது. ஸ்கேனர் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுவிடக் கூடாதென்று ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, கறுப்புத் திரையும் போட்டிருந்தார்கள். உள்ளே பகல் பன்னிரண்டுக்கும் இரவுதான். அவனுக்கு அது பழக்கமான இருட்டு. முன்பு கண்டோமினியம் குடியிருப்பு ஒன்றில் இரவுக் காவல் பார்த்தவன். ஒரு நாள் விடிகாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது, அம்மா எட்டாவது மாடி நடைபாதைச் சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அதோடு இரவு வேலையை விட்டான். விட்டதற்கு யாரும் அவனுக்கு மாலை போடவில்லை.

இங்கே அவன் வேலை, மூடிப்போன ஸ்டூடியோவிலிருந்து வந்த தகடுகளை ஸ்கேன் செய்து, கீழே யார் யார் என்று எழுதுவது. சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டிகள். பால் செம்போடு நிற்கும் ஆள். தலைப்பாகை கட்டிய போலீஸ்காரன். தீமிதி முடிந்து காலைத் தூக்கிக் காட்டுகிறவன். ஆண்டுக் கடைசியில் கண்காட்சி வைப்பார்கள். ஜனங்கள் வந்து மாட்டு வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, கறிபாப் பலகாரம் தின்றுவிட்டுப் போவார்கள்.

ஹஸீனா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவனைவிட இருபது வயது சின்னவள், அவனுக்கு மேலதிகாரி. கையில் தே ஓ என்ற பாலில்லாத் தேநீர் ஊற்றிய பிளாஸ்டிக் பை ஒன்று ஆடியது.

"பாலா அண்ணே, லஞ்ச் போகலயா? இது என்ன, ஃபேமிலி ஃபோட்டோவா? ஐயோ, இந்தப் பாட்டிக்கு எவ்வளவு பூ லா! பர்த்டே போல."

"பர்த்டேக்கு யாராச்சும் இவ்வளவு உம்முனு நிப்பாங்களா?"

"எங்க வீட்ல நிப்பாங்க." அவள் சிரித்துக்கொண்டே திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். சிரிப்பு நின்றது. "அண்ணே, காலைப் பாருங்க."

அவன் பெரிதாக்கினான். புடவைக் கரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக்கீற்றால் கட்டியிருந்தது. படத்தை மேலே நகர்த்தினான். நெற்றியில் வட்டமாக ஒரு கறை, பொட்டல்ல, காசு. மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த துணி, பூச்சரத்துக்குள் பாதி மறைந்திருந்தது.

"எங்க நன்னா, அதான் தாத்தா, மௌத்தானப்ப இப்படித்தான் விரலைக் கட்டுனாங்க," என்றாள் ஹஸீனா.

"எங்க பக்கமும் அதான். எங்க அப்பாவுக்கு நான்தான் கட்டுனேன்."

ஹஸீனா இதையெல்லாம் படித்தவள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். வாழ்நாள் முழுக்கப் படமே எடுத்துக்கொள்ளாத ஆட்கள் அப்போது நிறையப் பேர். செத்த பிறகுதான் வீட்டார் ஸ்டூடியோக்காரனைக் கூட்டிவருவார்கள். குளிப்பாட்டி, பூ வைத்து, நாற்காலியில் உட்கார்த்திக் கட்டி, சுற்றி நின்றுகொள்வார்கள்.

"வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி. ஒரு படத்துக்கு மூணு நாலு செகண்டு ஆகும். உயிரோட இருக்கறவங்க என்னதான் அடக்கிட்டு நின்னாலும் கொஞ்சமாச்சும் ஆடிடுவாங்க. பொணம் ஆடாது. அதான் நாங்க அடையாளம் பாக்கறது. எந்த முகம் ரொம்ப ஷார்ப்பா இருக்கோ..."

பாதியில் நிறுத்தினாள்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். கோவிந்தசாமியின் மீசையில் முடி முடியாக எண்ணலாம். மங்களத்தம்மாளின் மூக்குத்திக் கல்லில் ஜன்னல் தெரிந்தது. ஆறு பேரும் ஊசியால் கீறியதுபோல இருந்தார்கள். தாயாரின் முகம் மட்டும் கலைந்திருந்தது. ஈரத்தில் விரல் வைத்து இழுத்ததுபோல.

"கேமரா ஆடியிருக்குமோ?" என்றான் பாலகிருஷ்ணன்.

"கேமரா ஆடுனா எல்லாரும் சேந்துதான் ஆடுவாங்க. ஒருத்தர் மட்டும் ஆடியிருந்தா, அந்த ஒருத்தர் ஆடுனாங்கன்னு அர்த்தம்." அவள் எழுந்து தே ஓ பையைக் கையில் எடுத்தாள். "தகடு கெட்டுப்போயிருக்கும். மருந்து வாடை வருதுல்ல. நீங்க தாயார்னு போட்டு, பக்கத்துல இறந்தவர்னு போட்டுடுங்க. பெரிய ற தானே? இந்த ரகரத்துலதான் எனக்கு ஓ லெவல் பரீட்சைல மார்க்கு போச்சு."

கதவு மூடியது. அவன் விசைப்பலகையில் கை வைத்தான். இருந்தவர். இறந்தவர். ஓரெழுத்துதான் வித்தியாசம். எந்தப் பக்கம் அடித்தாலும் கேட்க ஆளில்லை. நூறு வருடம் ஆகிவிட்டது.

பெரிய ற போட்டான்.

பிறகு எதற்கோ அந்த முகத்தைத் திரை நிறைய பெரிதாக்கினான். அது கறையல்ல. மூன்று முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. நேரே ஒன்று. இடப்பக்கம் திரும்பியது ஒன்று. வலப்பக்கம் திரும்பியது ஒன்று. இப்படியும் அப்படியும். வேண்டாம் என்பதற்குத் தலை அப்படித்தான் ஆடும்.

தோளில் கோவிந்தசாமியின் கை. வைத்திருந்த கை இல்லை, அழுத்தியிருந்த கை. விரல் மொளிகள் புடைத்து, புடவை மடிப்பு நான்கு விரலுக்கும் கீழே பள்ளமாகியிருந்தது. அந்தக் கைக்குக் கீழே அவள் ஆடியிருக்கிறாள். கோவிந்தசாமியின் முகத்தில் ஒரு சலனம் இல்லை. மற்ற ஐந்து பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவனுக்குப் பின்னால், ஸ்டூல் மட்டுமே இருந்த அந்த மூலையில், பிரம்பு நாற்காலி ஒன்று மெல்ல முனகியது. கிறீச். சற்று விட்டு மறுபடியும். கிறீச்.

திரும்பிப் பார்க்கும்போது எதுவும் இல்லை. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். அவன் வீட்டுச் சத்தம்.

*

ஆங் மோ கியோவில் அவன் வீட்டுக் கூடத்தில் பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அம்மா இருந்தாள். அன்னம்மா என்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. நரம்பு நோய். தலை நிற்காமல் ஆடும், இடமும் வலமும், தூக்கத்தில் மட்டும் அடங்கும். ஆடுகிற ஆட்டத்தில் நாற்காலி முனகிக்கொண்டே இருக்கும். வாயில் மிச்சமிருந்தது ஒரே சொல். கஞ்சி கொடுத்தால் வேண்டாம். குளிப்பாட்டினால் வேண்டாம். காற்றாடியைப் போட்டால் வேண்டாம்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளை நாற்காலியில் உட்கார்த்தி, இடுப்பைச் சுற்றி நீளத்துண்டைப் போட்டுப் பின்னால் முடிச்சுப் போடுவான். எட்டாவது மாடி. நடைபாதைச் சுவர் இடுப்பளவுதான். முதலில் தளர்த்தித்தான் கட்டினான். ஒருநாள் நழுவி விழுந்து கிடந்தாள். அப்புறம் இறுக்கினான். கதவைச் சாத்தி, இரும்புக் கேட்டை இழுத்து, வெளியே பூட்டுப் போடுவான். பூட்டு விழும்போது உள்ளிருந்து "வேண்டாம்" வரும். மின்தூக்கி வரும்வரை அது கேட்கும்.

துண்டு சமாசாரம் புக்கிட் மேராவில் இருக்கும் அக்கா சாமுண்டீஸ்வரிக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டாள். வாரம் ஒருமுறை வீடியோவில் வருவாள்.

"அம்மா நல்லாத்தான்டா இருக்காங்க. முகத்துல ஒரு தெளிவு இருக்கு."

"வந்து ஒரு நாள் பக்கத்துல இரு, தெளிவு தெரியும்."

"உனக்கு எப்பவும் குத்தலாத்தான் வரும், தம்பி. நான் வேலைக்குப் போறவ இல்லையா? முதியோர் ஹோம்ல போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

நாலு பேர் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அம்மா துண்டில் கட்டுண்டு இருந்தாள்.

அந்தத் தகடு வந்த பிறகு அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அறையில் வேறு தகடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாட்டு வண்டி, ரிக்‌ஷா, சந்தை. கை தானாகப் போய் அந்தப் படத்தைத் திறக்கும். திறக்கும்போதெல்லாம் தாயாரின் முகம் இன்னும் கொஞ்சம் அகலமாகக் கலைந்திருப்பதுபோல் இருந்தது. மருந்து வாடைக்கு அடியில் இன்னொரு வாடை: வாடிய மல்லிகை, மஞ்சள், கழுவாத வாய். பின்மூலையில் கிறீச். வீட்டுக்குப் போனால், கஞ்சிக் கரண்டியை நீட்டும்போது அம்மாவின் ஆடுகிற தலை மூன்றாகப் பிரிந்து நின்றது. நேரே ஒன்று. இடப்பக்கம். வலப்பக்கம்.

"வேண்டாம்," என்றாள் அம்மா.

"தெரியுதும்மா. எனக்கும்தான் வேண்டாம்."

*

மழை பெய்த ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் குடையை மடக்கும்போது அவன் நின்றான்.

நாற்காலிச் சத்தம் இல்லை.

பூட்டைத் திறந்தான். கேட். கதவு. கூடத்தில் விளக்கு இல்லை; நடைபாதை வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்து நாற்காலிக் காலோடு நின்றது. அம்மா முன்பக்கமாகச் சரிந்திருந்தாள். துண்டு மட்டும்தான் அவளை நாற்காலியோடு பிடித்திருந்தது. தலை ஆடவில்லை. மூன்று வருடத்தில் அவள் முகத்தை அவன் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

அவன் முதலில் செய்தது துண்டை அவிழ்த்தது. இரண்டாவதாக அதை மடித்து அலமாரிக்குள் வைத்தது. பிறகுதான் டாக்டருக்குப் போன் போட்டான்.

வந்தவர் இளைஞர், இன்னும் இரண்டு வீடு போக வேண்டும்போல. குழாயை நெஞ்சில் வைத்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கையைப் பிடித்தார். அம்மாவின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். இடுப்பில் சிவந்து கிடந்த கோடு சட்டைக்குக் கீழே இருந்தது. அங்கே அவர் பார்க்கவில்லை.

"ஸாரி, அங்கிள்," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அழுகை வரவில்லை. நாளைக் காலையில் யாரையும் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் ஒரு காற்று நுழைந்தது. எவ்வளவு சுகமான காற்று.

அக்கா வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தாள். "பதப்படுத்துற ஊசி மருந்தெல்லாம் எதுக்கு, உடம்பைக் கெடுத்துக்கிட்டு. நாளைக்கே எடுத்துடலாம்." வெள்ளைத் துணியைக் கிழித்து அவனிடம் கொடுத்தாள். மோவாய்க்கு ஒன்று. விரலுக்கு ஒன்று. நெற்றியில் அவளே ஒரு காசை ஒட்டினாள். அவன் முடிச்சுப் போட்டான். அவன் கைக்கு முடிச்சு நன்றாகப் பழகியிருந்தது.

*

மறுநாள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். மழை விடவில்லை. தூண்களுக்கு நடுவே பகல், சாம்பல் கரைத்த தண்ணீர்போலக் கிடந்தது. ஹஸீனா வந்து ஓரமாக நின்றாள். அண்டை வீட்டுச் சீனக் கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். மூன்று வருடமாகத் தினமும் இந்த வாய்க்கு அரிசியைக் குழைத்து ஊட்டியவன், இன்று அரிசியாகவே போட்டான். அவன் விரல் உதட்டில் பட்டது. ஈரமாக இருந்தது. குளிப்பாட்டிய தண்ணீர், என்று நினைத்துக்கொண்டான். நாலைந்து அரிசிமணி உதட்டின்மேல் நின்றன. பிறகு பார்க்கும்போது இரண்டுதான் நின்றன.

உருண்டு விழுந்திருக்கும்.

"எல்லாரும் ஒண்ணா அம்மாவோட ஒரு படம்கூட இல்ல," என்றாள் அக்கா. "தீபாவளிக்கு எடுத்ததுலகூட ஒருத்தர் இருந்தா ஒருத்தர் இல்ல. எடுத்துடலாம்."

பெட்டிக்காரர் அக்காவின் போனை வாங்கிக்கொண்டார். பெட்டியின் தலைப்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைத்தார்கள், முகம் தெரிய. பின்னால் நின்றார்கள். அக்கா. அத்தான் பழனிவேலு. அவர்கள் மகள் ரக்ஷனா. பாலகிருஷ்ணன் தலைமாட்டில் நின்று, கையை உள்ளே விட்டு, அம்மாவின் தோளில் வைத்தான்.

"இருட்டா இருக்கு லா. போன் மூணு செகண்டு எடுக்கும். யாரும் ஆடாதீங்க, ஓகே?"

அவன் முன்னால் பார்த்தான்.

ஒன்று.

கைக்குக் கீழே ஏதோ.

இரண்டு.

மெல்ல. இடமும் வலமும். தோள்வழியாக அவன் உள்ளங்கைக்கு ஏறியது. இந்த ஆட்டத்தை அவன் கைக்குத் தெரியும். எத்தனை காலை. எத்தனை முடிச்சு.

அவன் விரல்கள் இறுகின. ஏன் இறுகின என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று.

"சூப்பர்," என்றார் பெட்டிக்காரர். மூடியைப் போட்டார்கள். நான்கு மூலையிலும் திருகாணி ஏறியது.

*

தகனச் சாலைக்குப் போகும் பஸ்ஸில் அவன் போன் அதிர்ந்தது. குடும்பக் குழுவில் அக்கா படத்தைப் போட்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: அம்மா முகம் மட்டும் கொஞ்சம் ஆடிடுச்சு. வேற ஷாட் இருக்கா?

அதற்குக் கீழே ரக்ஷனா: பரவால்லமா, நல்லா இருக்கு.

அவன் இரண்டு விரலால் பெரிதாக்கினான். அக்காவின் தாலிச்சரடு தெளிவு. அத்தானின் நரைத்த புருவம் தெளிவு. மாலையில் ஒவ்வொரு இதழும் தெளிவு. அம்மாவின் நெற்றியில் மூன்று காசு. மூன்று முகம். நேரே ஒன்று. இடப்பக்கம். வலப்பக்கம்.

தோளில் அவன் கை. மொளிகள் புடைத்திருந்தன.

சொல்லலாம். பஸ்ஸை நிறுத்து என்று ஒரு வார்த்தை. முன்னால் போகும் பெட்டி வண்டியையும் நிறுத்தித் திருகாணியைக் கழற்றுவார்கள். ஆம்புலன்ஸ் வரும். ஆஸ்பத்திரியில் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார்கள், இடுப்புக் கோட்டைப் பார்ப்பார்கள், யார் கட்டியது என்பார்கள், யார் பூட்டியது என்பார்கள். எல்லாம் கேட்டு முடித்து அம்மாவை வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுநாள் காலை நாற்காலி. கஞ்சி. துண்டு.

"பாலா அண்ணே." பக்கத்து இருக்கையில் ஹஸீனா. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "என்ன அது? காட்டுங்க."

பஸ்ஸில் இருந்தவர்களில் அவள் ஒருத்திக்கு மட்டும் அந்தப் படத்தைப் பார்த்தால் புரியும். ஒரு நொடி போதும்.

அவன் போனைத் தொடைமேல் கவிழ்த்தான்.

"ஒண்ணுமில்ல. போன் ஆடிடுச்சு."

*

கடைசி மண்டபத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பெட்டி தனியாகச் சக்கரத்தில் நகர்ந்தது. கோடியில் இரும்புக் கதவு திறந்திருந்தது. இந்தப் பக்கம் அவர்கள் வரிசையாக நின்றார்கள்.

கண்ணாடியில் பிம்பங்கள் விழுந்தன. இடமிருந்து வலமாக. ரக்ஷனா. அத்தான். அக்கா. அவன். ஒவ்வொரு முகமும் அவ்வளவு தெளிவு.

பெட்டிமேல் ஒரு மாலை கிடந்தது. பெட்டி போகிற போக்கில் அது மெல்ல ஆடியது. முன்னும் பின்னும் அல்ல. இடமும் வலமும். ஒரு சாமந்தி உதிர்ந்தது. பெட்டி கதவுக்குமுன் ஒரு கணம் நின்றது. மாலை நிற்கவில்லை.

கண்ணாடி தடிமன். சத்தம் வராது. ஆனாலும் கேட்டது.

கிறீச்.

அவன் வாய் திறந்தது. தோளில் ஏதோ கனத்தது. அக்காவின் கை. ஆறுதலுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். அந்தக் கை அழுத்தியது. இன்னும் அழுத்தியது. கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினான். அவள் மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை.

யாரும் அசையவில்லை.

பெட்டி உள்ளே போனது. கடைசியாகத் தெரிந்தது மாலை. இடம். வலம். இரும்புக் கதவு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அம்மாவுக்குப் பின்னால் சேர்ந்தது. பூட்டு விழுந்தது, தினமும் காலையில் அவன் வீட்டு வாசலில் விழுகிற அதே சத்தத்தில்.